பணியிடம் ஒழிந்தது, பணி ஒழியவில்லை

சென்ற வாரம் செங்கோட்டையில் உள்ள என் அலுவலகத்துக்கு ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். பையிலிருந்து நான்கு அடையாள அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். நான்கும் நான்கு நிறம், நான்கிலும் வெவ்வேறு நிறுவனத்தின் பெயர். பதினோரு ஆண்டுகளாக ஓர் அரசு மருத்துவமனையின் அதே பிரசவ வார்டைத் துடைத்துவரும் அவரிடம் அந்த மருத்துவமனையின் பெயர் பொறித்த அட்டை ஒன்றுகூட இல்லை. "எனக்குப் பென்ஷன் எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டார். அவருடைய பி.எப். கணக்கைத் திறந்து பார்த்தால் மூன்று யு.ஏ.என். எண்கள் (ஒரு தொழிலாளிக்கு ஒன்றே இருக்க வேண்டிய பி.எப். அடையாள எண்) இருந்தன, மூன்றையும் கூட்டினாலும் 31 மாதங்களுக்குத்தான் பணம் கட்டப்பட்டிருந்தது. பத்தாண்டுப் பணி கணக்கில் ஏறினால்தான் பி.எப். ஓய்வூதியம் கிடைக்கும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று சற்று நேரம் தடுமாறினேன். இப்படி வருகிறவர் வாரத்துக்கு ஒருவராவது இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பி.எப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்குகளைப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தருவதைப் போலவே ஒப்பந்ததாரர்களுக்கு மாதாந்தரக் கணக்கும் தாக்கல் செய்கிறேன் என்பதால், நான் சொல்வது ஒரு பக்கம் மட்டும் பார்த்துச் சொல்வதல்ல.

அரசு ஊழியர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமா என்ற விவாதம் எங்கள் பகுதியில் இரண்டு மாநிலக் கணக்கோடு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும், மலைக்கு அப்பால் கேரளத்தில் 2013 ஏப்ரல் முதலும் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ஊழியரும் பணம் கட்டும் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனதால், ஆரியங்காவுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்து எடுத்தவர்கள்கூட இதைப் பற்றி வாக்குவாதம் செய்கிறார்கள். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றும் மாநில வருவாயை விழுங்குகின்றன என்ற கவலையில் நியாயம் உண்டு. கணினி வந்த பிறகும் தட்டச்சர் பணியிடத்தை வைத்திருக்க வேண்டியதில்லை என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

என்னைச் சலிப்படைய வைப்பது, பணியிடத்தை ஒழித்தால் செலவு ஒழிந்துவிடும் என்று படித்தவர்களே உறுதியாக நம்புவதுதான். தட்டச்சர் பணியிடத்தை ஒழித்தால் தட்டச்சு வேலையும் இல்லாமல் போகலாம்; துப்புரவுப் பணியிடத்தை ஒழித்தால் வார்டு தானாகச் சுத்தமாகிவிடுமா? அந்த வேலை ஒப்பந்தப்புள்ளி வழியாக ஒரு முகமையிடம், அதாவது ஒப்பந்ததாரரிடம், போகிறது. அதுவரை சம்பளம் என்ற கணக்குத் தலைப்பில் இருந்த தொகை, ஒப்பந்தச் சேவைக்கான கொடுப்பனவு என்ற வேறொரு தலைப்புக்கு மாறுகிறது. நிதிநிலை அறிக்கையில் சம்பளச் செலவின் விகிதம் இறங்கியதைக் காட்டிச் சிக்கனம் என்கிறார்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒருவருக்கு மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி தரப்பில் பி.எப்., அதோடு சேர்ந்த காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,950 ரூபாய், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அதாவது 488 ரூபாய். இவற்றின் மேல் முகமையின் சேவைக் கட்டணமும், பல இனங்களில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஏறுகின்றன. இவ்வளவையும் அரசு கொடுத்த பிறகும் மிச்சம் பிடிக்கிறது என்றால், நிரந்தர ஊழியருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஊதிய உயர்வும் விடுப்பும் பணிக்கொடையும் துடைப்பவரிடமிருந்து பிடுங்கப்பட்டிருக்கின்றன என்றுதான் பொருள். செலவு குறையவில்லை, அதைச் சுமக்கிற ஆள் மாறியிருக்கிறார். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இதைத்தான் சொன்னார்கள். அதே மாதம் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும், அடிப்படை வேலை செய்கிறவர்களின் முதுகில் அரசு தன் வரவு செலவைச் சரிக்கட்டக் கூடாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தப்புள்ளியில் சேவைக் கட்டணத்தை ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்துக் கேட்பவருக்கே வேலை கிடைக்கிறது. அவர் எங்கிருந்து சம்பாதிப்பார் என்று யாரும் கேட்பதில்லை. அதே 15,000 ரூபாய்க்காரரிடம் பி.எப்., இ.எஸ்.ஐ. என்று 1,913 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி பங்கையும் சேர்த்தால் தலைக்கு 4,351 ரூபாய். நாற்பது பேருக்குக் கட்டாமல் விட்டால் மாதம் 1,74,040 ரூபாய். (இந்தக் கணக்கை எனக்கு விளக்கியவரே ஓர் ஒப்பந்ததாரர்தான், இப்போது அவருக்கு நான் தாக்கல் செய்வதில்லை.)

அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்ததாரர் பில்லோடு இணைக்கும் சலானில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். ஒரே சலானை இரண்டு அலுவலகங்களின் பில்லில் இணைத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கட்டப்பட்டது என்று ஆள் பெயர் வாரியாக உள்ள இ.சி.ஆர். பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்கள் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் அந்தப் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவர்மீது, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட உங்கள் அலுவலகத்தின்மீது, விழும் என்பது 1952-ஆம் ஆண்டு பி.எப். திட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடுதான்.

தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப் பார்க்கிற கைபேசியில் மாதா மாதம் உமங் என்ற அரசுச் செயலியைத் திறந்து பி.எப். பாஸ்புக்கைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஒரு மாதத் தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். மாதக் கடைசியிலும் பாஸ்புக்கில் வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ஏ.டி.எம். அட்டையை மேற்பார்வையாளரிடம் கொடுத்து வைக்காதீர்கள். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுகிறீர்களே, ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்தால் அதுவரையிலான பணிக்காலம் அத்தோடு அழிந்துபோகிறது என்று எத்தனை முறை சொல்வது? புனலூர்ப் பக்கம் காவலாளி வேலைக்குப் போகிற பையன்களிடம், பழையது தமிழ்நாட்டு நம்பர், இங்கே செல்லாது என்று சொல்லிப் புது எண் போடுகிறார்களாம். யு.ஏ.என். எண்ணுக்கு மாநிலம் கிடையாது. காஷ்மீருக்கு வேலைக்குப் போனாலும் அதே எண்தான். பழைய எண்ணைக் கொடுத்து அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், முதலாளி கட்டாமல் விட்ட பி.எப். நிலுவையைத் தீர்மானிக்கும் விசாரணையைத் தொடங்க ஐந்து ஆண்டு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெண்மணியின் மூன்று எண்களையும் ஒன்றாக்க விண்ணப்பித்துவிட்டோம். விடுபட்ட மாதங்களில் அவர் வேலை பார்த்தார் என்பதற்கு வார்டின் வருகைப் பதிவேடுதான் சாட்சி என்பதால், அதன் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. மனுவில் 'பணிபுரியும் நிறுவனம்' என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நான்கு அட்டைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரின்னே போடுங்க சார்" என்றார்.