மலையில முள்ளுச்செடியை விரட்டணுமா, வெட்டாதீங்க, மேல மரம் வரட்டும்

சிங்கப்பூர் தெம்பனிஸ்ல இருக்குற ஒரு வாசகர் கேட்டிருந்தார். செப்டம்பர் லீவுக்கு குடும்பத்தோட நியூசிலாந்து போனாங்களாம், மலைச்சரிவு முழுக்க மஞ்சப்பூ, ஆனா தங்குன வீட்டுக்காரர் அதைப் பார்த்தாலே திட்டுறாராம். அவ்வளவு தொல்லைன்னா வெட்டி எறிய வேண்டியதுதானே?

அந்தச் செடி பேரு கோர்ஸ். ஐரோப்பாலேர்ந்து வேலிக்காக கொண்டு போனது, 1835ல டார்வின் அங்க போனப்பவே வேலியா நின்னுச்சு. அப்புறம் மேய்ச்சல் நிலத்துக்குள்ள பூந்துடுச்சு. வெட்டுனா அடிக்கட்டையில துளிர்க்கும், கொளுத்துனா சூட்டுல விதைத்தோல் விரிசல் விட்டு இன்னும் நிறைய முளைக்கும். வெயில் நாள்ல காய் முறுக்கிக்கிட்டு பட்டுனு வெடிக்கும், கிட்ட நின்னா சத்தமே கேக்கும், விதை தள்ளிப் போய் விழும். விழுந்த விதை மண்ணுக்குள்ள 30 வருஷத்துக்கு மேல கூட உசுரோட கிடக்கும்.

கிரைஸ்ட்சர்ச் பக்கத்துல பேங்க்ஸ் தீபகற்பத்துல ஹினேவாய்னு ஒரு இடம். 1987ல ஹியூ வில்சன்ங்கிற தாவரவியலாளர் அங்க கோர்ஸை வெட்டாம, மேயுற மிருகங்களை மட்டும் வெளிய நிறுத்திட்டு விட்டுட்டார். சுத்தி இருந்த விவசாயிங்க பைத்தியக்காரத்தனம்னாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுக்கப்புறம்தான். செடி வெளிச்சத்தை வச்சு சாப்பாடு தயாரிச்சு பகல்ல மட்டும்தான் சம்பாதிக்கும், ஆனா சுவாசச் செலவு ராத்திரியும் ஓடும். ஒரு அளவு வெளிச்சத்துல வரவும் செலவும் சரியா நிக்கும், அதுக்குக் கீழ போனா சேமிப்பை எடுத்துத் தின்னு செத்துடும். கோர்ஸுக்கு அகல இலையே கிடையாது, முள்ளும் பச்சைத் தண்டும்தான் வெளிச்சத்தைப் பிடிக்குது, அதனால அதுக்கு நல்ல வெயில் வேணும். மாஹோயி மாதிரி அந்த ஊர் மரக்கன்னு கம்மி வெளிச்சத்துலயே சமாளிக்கும். பறவை போடுற விதை கோர்ஸ் புதருக்குள்ள விழுது, முள்ளு காவல், காத்துக்கு மறைப்பு, போதாக்குறைக்கு கோர்ஸ் வேர் முடிச்சுல இருக்குற பாக்டீரியா காத்துலேர்ந்து நைட்ரஜனைப் பிடிச்சுக் குடுக்குது, உதிருற சருகு வழியா அது மண்ணுக்கு எருவாகுது. அதாவது தன்னைக் கொல்லப் போறவனுக்கு தானே சோறு போட்டு வளக்குது! கன்னு புதரைத் தாண்டி மேல வந்து கிளை விரிச்சதும் கீழ வெயில் கட்.

ஆனா இதுக்கு பத்து, இருபது வருஷம் ஆகும். நம்ம ஊர்லயும் சரி எங்கயும் சரி, ஆராய்ச்சிப் பணம் மூணு வருஷம் அஞ்சு வருஷத்துக்குதான் வருது, அதுக்குள்ள ரிப்போர்ட் கேப்பாங்க. "சும்மா இருந்தோம், நிழல் கூடுது"ன்னு எழுதுனா எவன் குடுப்பான்?

பைன் நட்டா சீக்கிரம் நிழல் வருமேன்னு தோணும். வரும்தான். ஆனா அங்க பைனை சுமார் 28 வருஷத்துல வெட்டிடுவாங்க, மண்ணுல விதை இன்னும் உசுரோட இருக்கும், வெயில் பட்டதும் கோர்ஸ் திரும்ப கிளம்பிடும். வெட்டாத காடா இருக்கணும்.

எல்லாக் களைக்கும் இது பலிக்காது. நம்ம புக்கிட் தீமா காட்டுக்குள்ளயே கிளிடேமியாங்கிற வெளியூர் புதர்ச்செடி நுழைஞ்சிருக்கு, அது ஓரளவு நிழலையும் தாங்கும். நீலகிரியிலயும் கோர்ஸ் இருக்கு, அதுக்காக அங்க மேட்டுப் புல்வெளியில மரம் நடுறது தப்பு, அது இயற்கையாவே புல் இருக்குற இடம், ஏற்கனவே நட்ட வாட்டில்ங்கிற ஆஸ்திரேலிய மரமே இப்ப அங்க களையாகி நிக்குது.

வீட்டுக்காரர் ஆடு வளக்குறவரா இருந்தா இன்னொரு சிக்கல், அடர்ந்த நிழல்ல புல்லும் வராது. அதனால செங்குத்தா இருக்குற, ஆடு மேய்ச்சும் பெருசா லாபம் வராத சரிவை மட்டும் மரத்துக்கு விட்டுக் குடுக்கலாம்.