வசந்தமும் இளவேனிலும்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான்கு பருவங்களின் படத்தைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "அப்பா, எங்களுக்கு வசந்தகாலம் எப்ப வரும்?" படத்தில் பனி உருகிக்கொண்டிருந்தது. நான் யோசித்துக்கொண்டு நிற்க, அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "முத்தத்து வேம்பு பூத்திட்டுது, மணக்கல்லையா மகள்? இதுதான்."

அது பங்குனி மாதம்.

மட்டக்களப்பில் நாங்கள் வாயால் சொல்கிற பருவம் இரண்டுதான்: மாரி, கோடை. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கொட்டுகிற மழைதான் எங்கள் குளிர்காலம். தை கழிந்து மழை ஓய்ந்தால் மாமரம் பூக்கும். பெரும்போக வேளாண்மையை, அதாவது மாரிக்கால நெல்லை, வெட்டி, வயல் வெறுமையாகும் நேரம் வேம்பு தொடங்கும், இலுப்பை தொடங்கும். காலையில் முற்றம் கூட்டுகிறவருக்கு மணம் முதலில் தெரியும், பூ பிறகுதான் தெரியும். இந்த மாற்றத்துக்குப் பேச்சில் தனிப்பெயர் இல்லை.

எழுத்தில் உடனே கைக்கு வருகிற பெயர் வசந்தம். அது வடசொல். லத்தீனில் 'வேர்' என்றும் பாரசீகத்தில் 'பகார்' என்றும் இதே பருவத்தைச் சொல்வார்கள். மூன்றும் ஒரே பழைய மூலத்தின் கிளைகள். வடமொழி மரபு இந்தப் பருவத்தை ஆளாக்கி, காமனுக்குத் தோழனாகவும் வைத்தது. அவன் வசந்தன். ஆனால் எங்கள் பக்கத்தில் வசந்தன் என்றால் நினைவுக்கு வருவது ஆட்டம்: கையில் கோலோடு வட்டமாக நின்று, பாட்டுக்கு அடிவைத்து ஆடுகிற வசந்தன் கூத்து. அந்தப் பாட்டுகளைத் தி. சதாசிவ ஐயர் தொகுத்து, 1940இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்ற பெயரில் வெளியிட்டார். இவ்வளவு ஊறிய சொல்லை அந்நியம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

சரி, அதற்கு நேரான தமிழ்ச்சொல்? இளவேனில். வெயில், வெப்பம், வெம்மை, வேகுதல், நாங்கள் நாளும் சொல்கிற வெக்கை, எல்லாம் ஒரே குடும்பம். வேனிலும் அதில் ஒன்று. வேனில் என்றால் வெம்மைக்காலம். அதன் இளமை இளவேனில், முதிர்ச்சி முதுவேனில். பழந்தமிழ்க் கணக்கில் கார், கூதிர், முன்பனி, பின்பனி என்ற நான்கும் போன பிறகு, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். குளிர்நாட்டு மனிதர் இந்தப் பருவத்தைக் குளிர் விட்டுப்போனதாகப் பார்க்கிறார். தமிழ்ப்பெயர் வரப்போகிற சூட்டைப் பார்க்கிறது. கச்சான் என்கிற வெக்கைக் காற்று கரையைக் காயவைக்குமுன் கிடைக்கிற கொஞ்ச நாள் அது. எங்கள் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்பேன்.

ஐங்குறுநூற்றில் 'இளவேனிற் பத்து' என்று பத்துப் பாட்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் "அவரோ வாரார் தான்வந் தன்றே" என்று தொடங்கும். பிரிந்துபோன காதலர் வரவில்லை, பருவம் மட்டும் வந்துவிட்டது. கோங்கும் பாதிரியும் வருகிற அந்தப் பத்தில் வேம்பின் பூ உதிர்வதும் வருகிறது. அம்மா காட்டிய அதே பூ.

சிலப்பதிகாரத்தில் இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. காதையின் பெயர் வேனிற்காதை. பிரிந்துபோன கோவலனுக்கு மாதவி கடிதம் எழுதுகிறாள். ஏடு தாழையின் வெண்மடல், எழுத்தாணி பித்திகை மொட்டு. சண்பகமும் மல்லிகையும் சேர்த்துக் கட்டிய மாலையின் நடுவே அந்த மடலை வைக்கிறாள். கடிதம் முழுவதும் மணம். அதில் அவள் பருவத்தை "இன்இள வேனில் இளவரசாளன்" என்கிறாள். அதை எடுத்துப்போகிற தோழியின் பெயர் வசந்தமாலை! பருவத்துக்குத் தமிழ்ப்பெயர், தோழிக்கு வடமொழிப்பெயர். கோவலன் கடிதத்தை வாங்க மறுத்துவிடுகிறான். அப்புறம் கதை மதுரைக்குப் போகிறது, எரிகிறது.

மதுரையை எரித்தவள் கோவலனின் மனைவி கண்ணகி. அந்தக் கண்ணகிக்குத்தான் எங்கள் பக்கத்தில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் வந்தாறுமூலையிலும் கோயில். சடங்கு வைகாசியில், அதாவது இளவேனிலின் இரண்டாம் மாதத்தில். அதன் முடிவு குளிர்த்தி: எரித்தவளின் சினம் தணியக் குளிர்த்திப் பாட்டுப் பாடுவார்கள். வெம்மையின் பெயர் கொண்ட பருவத்தில் குளிர்ச்சியை வேண்டுகிற சடங்கு. பிள்ளைகளுக்குச் சொல்விளக்கம் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எழுதும்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது: பங்குனியில் தொடங்கும் ஐரோப்பியப் பருவத்துக்கு வசந்தம் என்று எழுதுவேன், மாதங்கள் அங்கே வேறு. மட்டக்களப்புச் சித்திரையை எழுதினால் இளவேனில்தான்.

மகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். சித்திரை வருடப்பிறப்பன்று மூலிகையும் பூவும் போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைக்கும்போது கையை முகர்ந்து பார்த்து, "இது என்ன மணம்?" என்றாள். மஞ்சள், மிளகு, துளசி, மாதுளம்பூ என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் தாழம்பூவும் இருந்தது. மாதவி எழுதிய தாழை.