வாரண்டியில் உள்ள பிக்கப்பில் சைலன்சர் சத்தம்: சட்டம் எதைக் கொடுக்கிறது, எதைக் கேட்கிறது

எங்கள் தெருவில் வாழைத்தார் ஏற்றும் ஒருவர் புது பிக்கப் எடுத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டிக்கு அடியில் டக் டக்கென்று ஒரு சத்தம். பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகியிருக்கும், அங்கே சத்தமே வராது. "அண்ணே, இந்த மாடலே இப்படித்தான்" என்று சொல்லி, வண்டியைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை போய் வந்தார். மூன்று முறைக்கும் சேர்த்துக் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

என்னைக் கேட்டால், சத்தத்தைவிட அந்தச் சீட்டு இல்லாததுதான் பெரிய கோளாறு.

வாரண்டி என்பது கம்பெனி எழுதிக் கொடுத்த வாக்கு. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை, தயாரிப்பிலோ பொருளிலோ குறை இருந்தால் அந்தப் பாகத்தைச் சரிசெய்து தருவோம், முடியாவிட்டால் மாற்றித் தருவோம் என்பதுதான் அதன் சாரம். வண்டியோடு வந்த புத்தகத்தில் வாரண்டிப் பக்கங்களை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். இரண்டு இடங்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒன்று, தேயும் பொருட்கள் என்று ஒதுக்கிவைத்த பட்டியல். சைலன்சரைத் தாங்கும் ரப்பர், இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போன்றவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று, பல கம்பெனிகள் சேர்த்து வைத்திருக்கும் ஒரு வரி: வண்டியின் தரத்தையோ இயக்கத்தையோ பாதிக்காத லேசான சத்தம், அதிர்வு இவற்றுக்கு வாரண்டி கிடையாது. "மாடலே இப்படித்தான்" என்ற பதில் பிறக்கும் இடம் இதுதான்.

அந்தப் பதில் சில நேரம் உண்மையாகவும் இருக்கும். எஞ்சினை அணைத்த பிறகு சூடான இரும்பு ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் வரும், அது குறை இல்லை. பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும்போது ஐடிலிங் கூடும், சத்தம் மாறும், சூட்டு வாடையும் வரும். அதுவும் இயல்புதான்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் டக் டக்கென்று அடித்து, சூடானதும் மறைந்தால், எஞ்சினிலிருந்து புகையை வாங்கி வெளியே விடும் மேனிஃபோல்டு பக்கம் கேஸ்கட் வழியாகவோ விரிசல் வழியாகவோ புகை கசிய வாய்ப்பு உண்டு. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் நிற்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் வந்தால் சூட்டைத் தடுக்கும் தகடோ கிளாம்போ தளர்ந்திருக்கலாம். ஆக்சிலேட்டர் மிதித்தால் புஸ்ஸென்று வந்தால் குழாய் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினுக்குள் புகை வாடை அடித்தால் அதைச் சத்தத்தோடு சேர்க்காமல் தனிப் புகாராக எழுதவைக்க வேண்டும். அது உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, சர்வீஸ் சென்டரில் என்ன செய்வது? வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் நீங்கள் போய் நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டில் காலையில் சத்தம் வரும்போது, கிலோமீட்டர் மீட்டரும் தெரிகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஷோரூமில் அதே மாடல் வண்டி நிச்சயம் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். "மாடலே இப்படித்தான்" என்பது உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஜாப் கார்டு, அதாவது உங்கள் புகாரைச் சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் பக்கம் டக் டக் சத்தம், பத்து நிமிடத்தில் நிற்கிறது" என்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதவைத்து, தேதியும் கிலோமீட்டரும் போட்ட நகலை வாங்குங்கள். எழுத மறுத்தால் சண்டை வேண்டாம். வீட்டுக்கு வந்து அதே விஷயத்தை டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வாரண்டி முடிவதற்கு முன் எழுத்தில் பதிவான குறையை, வாரண்டி முடிந்த பிறகு தட்டிக்கழிப்பது சுலபமில்லை.

இதற்கிடையில் பொறுமை இழந்து பட்டறையில் வெல்டிங் வைத்துவிட்டால் கதை கெட்டது. வெளியாள் கைவைத்த பாகத்துக்கு வாரண்டி இல்லை என்று சொல்ல நீங்களே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. சைலன்சரையோ ஃபில்டரையோ கழற்றி வேறு மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 120ஆம் விதி எல்லா வண்டிக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. சத்தம், புகை வரம்புகளை மீறி ஓட்டினால் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. குறை கம்பெனியுடையது என்றாலும் ரோட்டில் நிறுத்தப்படுவது நீங்கள்தான். ஜாப் கார்டைச் சீக்கிரம் வாங்க இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ சொன்ன தரத்தில் குறைந்தால் அது பொருளின் குறைபாடு. புகாரைக் கவனிக்காமல் அலையவிட்டால் அது சேவைக் குறைபாடு. இரண்டையும் ஒரே புகாரில் கேட்கலாம். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இல்லையென்றால் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். மஞ்சள் போர்டு வண்டி என்றதும் எதிர்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் எடுப்பார். ஆனால் அதே 2(7) பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது. இதற்கு அடிப்படையான தீர்ப்பு 1995இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. வழக்கு கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றியது. வாங்கியவருக்கு அந்த வழக்கில் பலன் கிடைக்கவில்லை. ஆனால் தானே லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. வண்டியை முழுக்க வேறொருவர் ஓட்ட, முதலாளி வருமானம் மட்டும் பார்த்தால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே "என் குடும்பம் பிழைப்பதற்காக நானே ஓட்டும் வண்டி" என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். நான்கைந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கும் வாரண்டி செல்லும், ஆனால் அவர் போக வேண்டியது சிவில் நீதிமன்றம்.

நுகர்வோர் வழக்கை விசாரிக்கும் ஆணையத்துக்குப் போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் வைத்துப் பாருங்கள். தமிழிலேயே பேசலாம், செலவில்லை. அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். வெறும் சத்தப் பிரச்சினை அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடவும் கூடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் இங்கேதான், பிக்கப் எல்லாம் இதற்குள் வந்துவிடும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கம்பெனி புனேவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தயாரிப்புக் குறைதானா என்பது சோதித்தால்தான் தெரியும் என்றால் ஆணையம் ஆய்வுக்கு அனுப்பும், அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். சைலன்சர் சத்தத்துக்குப் புது வண்டியே கேட்டால் பெரும்பாலும் நிற்காது. 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தை மாற்றித் தரத்தான் சொல்கிறது, முழு வண்டியையும் மாற்ற அல்ல என்று முடிவு செய்தது. குறையைச் சரிசெய்து தர வேண்டும், பாகத்தை இலவசமாக மாற்ற வேண்டும், வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்புக்கும் அலைச்சலுக்கும் ஈடு வேண்டும் என்று கேளுங்கள். வருமான இழப்புக்கு வாடகைச் சீட்டு, மண்டி ரசீது ஏதாவது காட்ட வேண்டும், வாய்ச்சொல் போதாது.

வாழைத்தார் அண்ணன் நான்காவது முறை போனபோது வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு, விடியற்காலை டீக்கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றார். ஃபோர்மேன் முன்னால் ஸ்டார்ட் செய்தார்கள். டக் டக் டக். ஜாப் கார்டில் அதை எழுதி வாங்கினார். மேனிஃபோல்டு கேஸ்கட் மாற்றித் தந்தார்கள், பில்லில் தொகை பூஜ்யம்.