விரல் வலிக்கிறதா? கிட்டாரை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

“எஃப் கார்டு பிடிக்கவே வரவில்லை, கை சின்னது, அதனால் ஷார்ட் ஸ்கேல் கிட்டார் வாங்கப் போகிறேன்.” கிட்டார் பழுதுபார்க்கும் மேசைக்கு இந்தப் பேச்சு வந்துகொண்டே இருக்கிறது. (எஃப் கார்டு என்பது ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிக்க வேண்டிய கார்டு; ஷார்ட் ஸ்கேல் என்றால் கம்பியின் அதிரும் நீளம் குறைந்த கிட்டார்.) கூடவே வரும் கிட்டாரைக் கிடத்திப் பார்த்தால், முதல் ஃபிரெட்டுக்கு (நெக் எனப்படும் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே கம்பி துணி காயப்போடும் கொடிபோல உயர்ந்து நிற்கும். அந்தக் கிட்டாரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினாலும், அதன் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) இதேபோல இருந்தால் அதே வலிதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஸ்கேல் நீளத்துக்கும் கிட்டாரின் மொத்த நீளத்துக்கும் சம்பந்தமில்லை. உடல் பெரிதா சிறிதா என்பதோடும் சம்பந்தமில்லை. 22 ஃபிரெட்டா, 24 ஃபிரெட்டா என்பதோடு அறவே சம்பந்தமில்லை. 24 ஃபிரெட் இருப்பதால் அது “நீள ஸ்கேல்” ஆகிவிடாது, ஃபிங்கர்போர்டு (விரல் பதியும் பலகை) உடலின் பிக்கப் (ஒலியை வாங்கும் காந்தம்) பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். சி மேஜர், ஏ மைனர் என்று வாசிக்கும் ஸ்கேலும் வேறு. நட்டின் உள்விளிம்பிலிருந்து 12-ஆம் ஃபிரெட் கம்பியின் நடு உச்சி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். வருவதுதான் ஸ்கேல் நீளம். பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வரை டேப்பை இழுத்து அளக்காதீர்கள். சுருதி சரியாக நிற்பதற்காக சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளியே வைக்கப்பட்டிருக்கும், தடித்த கம்பிக்கு இன்னும் கூடுதலாக. அந்த அளவை வைத்துக்கொண்டு “என்னுடையது 652 மி.மீ.” என்று வாதாடுவதில் பயனில்லை.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் லெஸ் பால் 24.75 என்று சொல்லப்படும். நிஜத்தில் அளந்தால் பலவற்றில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். பி.ஆர்.எஸ். (பால் ரீட் ஸ்மித்) பெரும்பாலும் 25. ஜாகுவார், மஸ்டாங் 24. கிளாசிக்கல் கிட்டாரின் வழக்கமான அளவு 650 மி.மீ.

இப்போது கணக்கு: ஸ்கேல் குறைந்தால் கம்பி எவ்வளவு தளரும்? ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25.5-லிருந்து 24.75-க்கு இறங்கினால் குறைவது சுமார் 6 சதவீதம். 10 கேஜ் (0.010 அங்குலத் தடிமன்) மேல் ‘ஈ’ கம்பியில், அதாவது மிக மெல்லிய கம்பியில், ஏறக்குறைய 7.4 கிலோ இழுவிசை 6.9 ஆகும். அதே 25.5 கிட்டாரில் 10-ஐக் கழற்றிவிட்டு 9 போட்டால் 6 கிலோ. ஒரு செட் கம்பியின் விலையில் முடிகிற வேலைக்கு ஒரு புதுக் கிட்டாரா?

“இழுவிசை சரி, விரல் எட்டவில்லையே” என்பது அடுத்த புகார். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை 25.5-ல் 97 மி.மீ., 24.75-ல் 94. வித்தியாசம் 3 மி.மீ. அது ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. நாள் முழுக்க ஜாஸ் கார்டுகளை விரித்துப் பிடிப்பவருக்கு அது தெரியும். ஆனால் கட்டைவிரலை நெக்கின் மேல் விளிம்பில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு உள்ளங்கையை நெக்கில் ஒட்டி வைத்தால், இதைவிட அதிக எட்டு அங்கேயே போய்விடுகிறது. கட்டைவிரலை நெக்கின் பின்னால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள், பிறகு பேசலாம்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மெல்லிய காகிதம் நுழையும் அளவு இருந்தால் நல்லது. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. எஃப் கார்டின் எதிரி அதுதான். பள்ளத்தை அந்தக் கம்பிக்கேற்ற அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். (வீட்டில் ரம்ப பிளேடு வைத்து இறக்கி, கம்பி முதல் ஃபிரெட்டில் உரசத் தொடங்கிய பிறகு வருகிறவர்களே, தயவுசெய்து அதற்கு முன்னால் வாருங்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் பொதுவாக நட்டையே மாற்ற வேண்டும்.) அடுத்து 12-ஆம் ஃபிரெட்டில் உயரம்: எலெக்ட்ரிக் கிட்டாரில் கீழ் ‘ஈ’ (மிகத் தடித்த கம்பி) 2 மி.மீ.க்குள், மேல் ‘ஈ’ ஒன்றரை. ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் இரண்டரையும் இரண்டும் இருக்கலாம். நெக்கின் வளைவை இவற்றுக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சந்தேகம் இருந்தால் காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. 25.5 கிட்டாரில் ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் (ஒரு ஃபிரெட் அளவு) இறக்குங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். மிச்சம் இருப்பது 612 மி.மீ.; சுருதி பழையபடி, நீளமும் இழுவிசையும் கிட்டத்தட்ட 24 அங்குலக் கிட்டாரினுடையவை. ஒரு வாரம் அப்படியே வாசியுங்கள். கைக்கு இதமாக இருந்தால் ஷார்ட் ஸ்கேல் உங்களுக்குத்தான், தாராளமாக வாங்குங்கள். ஆனால் தளர்ந்த கம்பி அகலமாக அதிரும், கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறும். இரும்புப்பிடி பிடிப்பவரின் கார்டுகள் புளித்த மாதிரி கேட்கும். அதையும் கவனியுங்கள்.

ஹெட்ஸ்டாக் (நட்டுக்கு அப்பால் உள்ள தலைப்பகுதி) நீண்டால் இழுவிசை கூடும் என்ற நம்பிக்கையும் உலவுகிறது. நட்டுக்கு அப்பால் எவ்வளவு கம்பி இருந்தாலும் சுருதிக்கு வேண்டிய இழுவிசை மாறாது. பெண்ட் செய்யும்போது (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது) விரல் எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பது மட்டும் சற்று மாறும்.

ஸ்கேல் நீளம் உண்மையிலேயே பேசும் இடம் தாழ்ந்த சுருதி. 10–46 செட்டைப் (மெல்லிய கம்பி 10 கேஜ், தடித்தது 46) போட்டு நான்கு அரை ஸ்வரம் இறக்கி ‘சி’க்குக் கொண்டுவந்தால் இழுவிசை 63 சதவீதமாகிவிடும்; கம்பி ரப்பர் பேண்டுபோலத் தொங்கும். 27 அங்குல பாரிடோன் (தாழ்ந்த சுருதிக்கான நீள ஸ்கேல் கிட்டார்) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள், அது திருப்பித் தருவது 12 சதவீதம்தான். கீழ்க் கம்பி 56 கேஜ் அளவுக்கு ஏற வேண்டும். கம்பி தடித்தால் நட் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் டியூன் செய்யும்போது ‘டிங்’ என்று சிக்கிச் சிக்கி ஏறும்.

24.75 நெக்கை 25.5 உடலில் பூட்டிவிட்டு “இன்டொனேஷன் நிற்கவில்லை” என்று, அதாவது ஃபிரெட் ஏற ஏறச் சுருதி பிசகுகிறது என்று, கொண்டுவருகிறார்கள். எப்படி நிற்கும்? பிரிட்ஜ் பழைய இடத்திலேயே இருக்கிறதே. இதற்கென்றே கன்வர்ஷன் நெக் (25.5 உடலில் பூட்டினாலும் 24.75 ஸ்கேல் சரியாக அமையும் நெக்) செய்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு வாங்கும் முக்கால் அளவு கிளாசிக்கல் கிட்டார் 580 மி.மீ. வாக்கில் இருக்கும். அதில் பெரிய கிட்டாருக்கான சாதாரண நைலான் செட்டைப் போட்டு ‘ஈ’க்கு டியூன் செய்தால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஒலி மங்கும், சுருதி நழுவும், குழந்தை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். தனியாக வாசிப்பதென்றால் இரண்டு அரை ஸ்வரம் ஏற்றி டியூன் செய்யுங்கள், இழுவிசை பெரிய கிட்டாருக்குச் சமமாகிவிடும். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் ஹை டென்ஷன் நைலான் செட் போட்டு ‘ஈ’யிலேயே வையுங்கள். சத்தம் போதவில்லை என்று ஸ்டீல் கம்பி மட்டும் போட்டுவிடாதீர்கள். பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.