துவைத்ததும் லோகோ சுருங்குகிறதா? துணியைத் திருப்பிப் பாருங்கள்

"வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை துவைச்சதும் லோகோவைச் சுத்தி சுருங்கிப் போச்சு." கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. மிஷின் கோளாறு, நூல் மட்டம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நான் முதலில் டி-சர்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஸ்டெபிலைசர் இருந்த இடத்தில் நாலு நார்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்டெபிலைசர் என்பது துணிக்கு அடியில் வைத்துத் தைக்கும் தாள். ஊசி ஏறி இறங்கும்போது துணி இழுபடாமல் தாங்குவது அதன் வேலை. கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது எல்லாம் ஒரே வெள்ளைத் தாளாகத்தான் தெரியும். ஆனால் தைத்து முடித்ததும் கையால் கிழித்தெடுக்கும் டியர்-அவே வேறு. ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மீதியைத் துணியிலேயே விட்டுவிடும் கட்-அவே வேறு. டியர்-அவேயில் வேலை சுலபமாக முடியும், உள்பக்கமும் சுத்தமாகத் தெரியும். அதனால் பனியன் துணிக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். 40ஆம் நம்பர் நூலில் பரப்பை நிரப்பித் தைக்கும்போது வரிசைக்கு வரிசை 0.4 மி.மீ. இடைவெளிதான் வழக்கம். அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள் 25 வரிசை. இத்தனை தடவை ஊசி குத்தினால் டியர்-அவே தாள் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகி, தைத்துக்கொண்டிருக்கும்போதே விட்டுப்போகும். அப்புறம் தையலின் மொத்த இழுப்பும் துணி மேல்தான். வட்டம் முட்டை வடிவமாகும். பார்டர் தையல் ஒரு பக்கம் விலகி நடுவில் துணி தெரியும். சலவையில் இன்னொன்றும் சேர்கிறது: பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் நூல் சுருங்காது.

அதனால் டி-சர்ட், லெக்கிங்ஸ் என்று இழுபடும் துணி எதுவானாலும் கட்-அவேதான். சாதாரண லோகோவுக்கு 80, 85 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) போதும். மெல்லிய வெள்ளை டி-சர்ட்டில் தாள் முன்பக்கம் சதுரமாகத் தெரிந்தால், வலை மாதிரி மெல்லிசாக இருக்கும் மெஷ் வகை கட்-அவே போடுங்கள். தையலைச் சுற்றி அரை சென்டிமீட்டராவது விட்டு, மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மையான மூலை உடம்பில் குத்தும். இழுபடாத கெட்டித் துணிகளான ஜீன்ஸ், கேன்வாஸ் பைக்கு டியர்-அவே தாராளம். பிய்க்கும்போது தையல் மேல் கட்டை விரலை அழுத்திக்கொள்ளுங்கள்; ஒன்றுக்கு மேல் தாள் வைத்திருந்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

நல்ல தாளை வாங்கிவிட்டு ஃபிரேம் போடுவதில் கெடுப்பவர்களும் உண்டு. துணி முரசு மாதிரி இருக்கட்டும் என்று நாலு பக்கமும் இழுத்து மாட்டுவார்கள். ஃபிரேமைக் கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. விறைப்பாக நிற்க வேண்டியது தாள்தான்; துணி அதன் மேல் இழுக்காமல் படிந்திருந்தால் போதும்.

செலவை மிச்சம் பிடிக்கச் செய்தித்தாள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். மை துணியில் ஏறும், தாள் பாதியிலேயே கிழியும். ஒரு டி-சர்ட் பாழானாலே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

டவல், வெல்வெட்டில் தையல் உள்ளே புதைந்துபோகாமல் இருக்க, மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் போடுகிறோம். இது மேலே போடுவதற்கு. அடித்தாளுக்கு மாற்று இல்லை. பட்டு பிளவுஸில் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிலிமைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும், பட்டில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும்.

குழந்தை உடை என்றால் உள்பக்கத் தையலை மூடி, அயர்ன் செய்தால் ஒட்டும் மெல்லிய துணி ஒன்றைக் கட்டாயம் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மொத்த ஆர்டர் கொடுப்பவர்கள் சாம்பிளை வாங்கிப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிடாமல், வீட்டில் இரண்டு தடவை துவைத்துக் காயவைத்த பிறகு சொல்லுங்கள்.