புதுக் கடல்நீர்த் தொட்டியில் மீன் சுணங்கினால் மருந்துக்கு முன்னே பார்க்க வேண்டியது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மீன் தொட்டிகளை அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், அம்லாங்கா என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். "அண்ணா, மீன் மேல வெள்ளைப் புள்ளி, என்ன மருந்து ஊத்தணும்?" என்று வாட்ஸ்அப்பில் வீடியோவோடு கேள்வி வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தொட்டி வைத்து எத்தனை வாரம் ஆச்சு, அம்மோனியா எவ்வளவு? பெரும்பாலும் "மூணு வாரம்" என்றும் "டெஸ்ட் கிட் இன்னும் வாங்கல" என்றும்தான் பதில் வரும். இரண்டாயிரம் ராண்டுக்கு விளக்கு வாங்குகிறவர்கள் டெஸ்ட் கிட் வாங்க மட்டும் ஏன் யோசிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புதுத் தொட்டியில் நடப்பது இதுதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டரிலும் போதுமான அளவு குடியேற சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நன்னீர் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.4 வரை இருக்கும், பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷத்தன்மையும் ஏறும். பிஎச் 7 உள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால், கிட்டில் அதே அளவு காட்டினாலும் 8.2ல் விஷமாக இருக்கும் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நைட்ரைட் விஷயத்தில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம், கடல்நீரில் உள்ள குளோரைடு அதன் தாக்கத்தைப் பெருமளவு தடுத்துவிடும். ஆக, செவுள் சிவந்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீனுக்கு நோயே இல்லாமல் இருக்கலாம், செவுள் அம்மோனியாவில் வெந்துபோயிருக்கலாம். அந்த மீனுக்கு மருந்து ஊற்றுவது அதை இரண்டாம் தடவை தண்டிப்பது மாதிரி.

அதனால் முதல் வேலை தண்ணீர். அம்மோனியா கொஞ்சம் காட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பமும் உப்பும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், உப்பைக் கரைத்த கையோடு ஊற்றக்கூடாது, ஒரு ராத்திரியாவது பம்ப் ஓடட்டும். தீனியைக் குறையுங்கள். இன்னொரு மீன் வாங்கவே வாங்காதீர்கள், தனியாக இருக்கிறதே என்று துணைக்கு ஒன்று வாங்கிப் போடுகிற பாசம் எல்லாம் இப்போது வேண்டாம். ஏர் பம்பை ஓட விடுங்கள், ஏனென்றால் அதே வெப்பத்தில் கடல்நீர் நன்னீரை விட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவான ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும், செவுள் கெட்ட மீனுக்கு அதுவும் போதாது.

நம் ஊரில் இதோடு மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023ல் ஸ்டேஜ் 6 லோட்ஷெட்டிங் ஓடிய நாட்களில், பம்ப் நின்று கெட்டுப்போன தொட்டிகளுக்குத்தான் எனக்கு அதிக அழைப்பு வந்தது. இப்போது நிலைமை தேவலை, ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று ஏதோ ஒன்று வந்துகொண்டுதானே இருக்கிறது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடலே பக்கத்தில் இருக்க உப்பு எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. டர்பன் கடற்கரைத் தண்ணீரை மழைக்குப் பிறகு எடுக்கவே கூடாது, உம்கேனி ஆறு கொண்டுவந்து தள்ளும் சேறும் சாக்கடையும் நாள்கணக்கில் கரையோரமே கிடக்கும். 2021 ஜூலையில் கோர்னுபியாவில் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்து கழிவு கடலில் கலந்ததையும், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்து கடற்கரைகளை மூட வேண்டி வந்ததையும் நாம் எல்லாருமே பார்த்தோம். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜோஜோ டேங்கில், அதாவது பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில், பிடித்த மழைநீரில் உப்பு கலக்கிறவர்களும் உண்டு. தகரக் கூரையில் விழுந்து வந்த தண்ணீர் என்றால் அதில் துத்தநாகம் இருக்கும், ஆர்ஓ ஃபில்டரில் விடாமல் எடுக்காதீர்கள்.

சரி, தண்ணீர் சுத்தம், அம்மோனியா பூஜ்யம், அப்படியும் மீன் தேறவில்லை. இப்போதுதான் நோயைப் பற்றிப் பேசலாம். உப்புத் துகள் தூவினாற்போல் எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் இருந்தால் அது கடல் வெள்ளைப்புள்ளி நோய், கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. புள்ளி எண்ண முடியாத அளவுக்குப் பொடிப்பொடியாக, சாய்வான வெளிச்சத்தில் தங்கப் பொடி மாதிரி தெரிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு பம்பின் நீரோட்டத்துக்கு முன்னாலேயே நின்றால் வெல்வெட் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது ஓரிரு நாளில் தொட்டியையே காலி பண்ணிவிடும், அதற்குக் காத்திருந்து பார்ப்பது ஆகாது. கோமாளி மீனின் தோல் வெளுத்து, கோழை நூல் நூலாகத் தொங்கினால் புரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. இதற்குக் காப்பர் (செம்பு) மருந்து வேலை செய்யாது, ஃபார்மலின் கலந்த நீரில் குளியல்தான். மூன்றையும் "வெள்ளையா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள், கடையில் கிடைக்கும் ஒரே புட்டியை மூன்றுக்கும் ஊற்றுகிறார்கள்.

வெள்ளைப்புள்ளியில் இருக்கும் பெரிய பொறி என்னவென்றால், அது தானாக மறையும். ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு உள்ளே மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று பெருத்துவிட்டுக் கீழே விழும், மணலிலோ கல்லிலோ உறை கட்டிக்கொண்டு உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரியும், அப்புறம் நீந்தும் குஞ்சுகளாக வெளியே வந்து ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்கப் பார்க்கும். மருந்து கொல்வது இந்த நீந்தும் கட்டத்தை மட்டும்தான். ஆகவே மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் "பூண்டு வேலை செஞ்சிருச்சு அண்ணா" என்று சந்தோஷமாக எழுதுகிறவர், ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பத்து மடங்கு புள்ளியோடு திரும்ப எழுதுவார். பூண்டு சில மீனுக்குப் பசியைத் தூண்டலாம், ஒட்டுண்ணியைக் கொல்லாது. சூட்டை ஏற்றும் வித்தை நன்னீர் வெள்ளைப்புள்ளிக்கானது. இங்கே அதைச் செய்தால் இருக்கிற ஆக்சிஜனும் குறையும், அவ்வளவுதான் லாபம். க்ளீனர் இறாலும் வைத்தியம் அல்ல, தோலுக்கு உள்ளே இருப்பதை அது எப்படி எடுக்கும்? சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா, "தம்பி, கொஞ்சம் மஞ்சள் போட்டுப் பாரேன்" என்றார். நமக்குப் போடுங்கள் ஆயா, மீனுக்கு வேண்டாம் என்றேன்.

கண் மங்கி, உடம்பைக் கல்லில் உரசிக்கொண்டு, புள்ளியே இல்லாத மீனும் வரும். அதற்கு நான் செய்வது நன்னீர்க் குளியல். ஒரு வாளியில் குளோரின் நீக்கிய நன்னீர், தொட்டியின் அதே வெப்பம், சமையல் சோடா கொஞ்சம் கலந்து அதே பிஎச், ஏர் கல் ஓட வேண்டும், வாளி கறுப்பாக இருந்தால் நல்லது. மீனை விட்ட முதல் அரை நிமிடம் அது சாய்ந்து படுக்கலாம், பயப்படாதீர்கள், ஆனால் கண்ணை எடுக்காதீர்கள். உடம்போடு ஒட்டிக் கண்ணாடி மாதிரி இருந்ததால் அதுவரை தெரியாத தட்டைப் புழுக்கள் நன்னீர் பட்டதும் வெளுக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று வாளியின் அடியில் எள் அளவில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மீன் தவித்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நோய் எது என்று உறுதி செய்யவும் இது உதவும். முழுக் குணத்துக்குப் பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து வேண்டும், முட்டை பொரிந்து வருவதற்காக ஒரு வாரம் போல் இடைவெளி விட்டு இரண்டாம் தடவையும்.

மருந்து எதுவாக இருந்தாலும் கல்லும் பவளமும் உள்ள பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். காப்பர் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும், கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம், அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாற்பது லிட்டருக்கு மேல் வெறும் கண்ணாடித் தொட்டி அல்லது பிளாஸ்டிக் பெட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஏற்கெனவே ஓடிப் பழகிய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். உங்கள் தொட்டியே புதிது என்றால் நோய் இல்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஸ்பாஞ்ச் கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை.

வெள்ளைப்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் காப்பர் நம்பகமானது. அளவு மருந்தின் வகையைப் பொறுத்து அடியோடு மாறும். சாதாரண அயனிக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், சீலேட் செய்தது, அதாவது வேறொரு பொருளோடு கட்டிவைத்த காப்பர், என்றால் அதைப் போலப் பத்து மடங்கு கேட்கும். எனவே லேபிளையும் அதற்கென்று உள்ள காப்பர் கிட்டையும் நம்புங்கள், கடைக்காரர் சொல்லும் "ஒரு மூடி" கணக்கு வேண்டாம். ஓரிரு நாளில் மெதுவாக ஏற்றி, குறையாமல் நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் இறங்கினாலும் கணக்கு முதலிலிருந்துதான். இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள், காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனரை (தண்ணீரைச் சரிப்படுத்த ஊற்றும் திரவம்) ஊற்றினால் காப்பரே கடுமையான விஷமாக மாறலாம். அம்மோனியா ஏறினால் அதே காப்பர் அளவில் கலந்த புதுத் தண்ணீரை மாற்றுங்கள்.

மருந்தே வேண்டாம் என்பவருக்கு வெள்ளைப்புள்ளிக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை மீனை முற்றிலும் காய்ந்த புதுத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போவது, மொத்தம் நாலு மாற்றம். கீழே விழுந்த ஒட்டுண்ணி பொரிவதற்குள் மீன் இடம் மாறிவிடுவதுதான் இதன் சூட்சுமம். தனித் தொட்டியில் தண்ணீரின் உப்படர்த்தியை (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.009க்கு இறக்கி வைக்கும் முறையும் உண்டு, ஆனால் அதற்கு அளவு சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளக்கும் கருவி வேண்டும். முள் ஆடுகிற பிளாஸ்டிக் மானியை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். வெல்வெட்டுக்கு இரண்டும் உதவாது.

சிகிச்சை நடக்கும்போது தீனிதான் பாதி வைத்தியம். பாசி தின்னும் டேங் வகை மீனுக்கு உப்பும் மசாலாவும் சேராத நோரி இலை, மற்றவற்றுக்கு உறைந்த மைசிஸ் (இறால் மாதிரி இருக்கும் பொடி உயிரி), பொடியாக அரிந்த பச்சை இறால், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. தின்னாமல் மிஞ்சியதைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். நம் ஆடி மாதம் இங்கே குளிர்காலம், கோயிலில் கூழ் ஊற்றும் நாட்களில் ராத்திரி நன்றாகவே குளிரும், ஹீட்டர் இல்லாத சின்னத் தொட்டி அறை வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 25, 26 டிகிரியில் நிலையாக நிற்கட்டும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள், மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி தோலில் மாதக்கணக்கில் ஆறாத புண்ணைக் கொண்டுவரும். அப்படி ஒரு புண் இருந்தால் மீன் தொட்டி வைத்திருக்கும் விஷயத்தை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவருக்கு அது தானாகத் தோன்றாது. ஃபார்மலினை மூடிய அறையில் திறக்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக் தேவைப்படுகிற கட்டம் வந்தால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள், நண்பர் வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கரைக்காதீர்கள்.

மீன் தனித் தொட்டியில் தேறிக்கொண்டிருக்க, பெரிய தொட்டி ஒரு மீன்கூட இல்லாமல் ஓட வேண்டும், பவளமும் இறாலும் இருக்கலாம். உறைக்குள் கிடந்த கிரிப்டோகேரியான் 72 நாள் கழித்தும் பொரிந்ததாகப் பதிவு இருப்பதால் 76 நாள் காலியாக வைப்பது பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. பிள்ளைகள் வெறும் கல்லைப் பார்த்து அலுத்துக்கொள்வார்கள்தான், ஆனால் புதுத் தொட்டிக்குப் பாக்டீரியா பெருக இந்த இடைவெளி நல்லதே, தினமும் கொஞ்சம் தீனி போட்டு அவற்றைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்த மீனை மருந்தில்லாத தண்ணீரில் இரண்டு வாரம் கவனித்துவிட்டு, உப்பளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு மாற்றுங்கள். அந்தச் சின்னத் தொட்டியைக் கழற்றி மாடிக்கு ஏற்றிவிட வேண்டாம். கழுவி, முழுதாகக் காயவைத்து, புது ஸ்பாஞ்ச் ஒன்றைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் பெட்டி) ஊறப்போட்டு வையுங்கள், அடுத்து வாங்கும் மீன் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.