வெப் டெவலப்மென்ட் கோர்ஸில் சேரும் முன் ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகளுக்கு ஐடி வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சென்னையோ பெங்களூரோ அல்ல, எல்லை தாண்டி திருவனந்தபுரத்தில் இருக்கும் ஐடி வளாகமான டெக்னோபார்க்தான். 1990-ல் கழக்கூட்டத்தில் தொடங்கிய அந்த வளாகத்துக்குக் காலை ரயிலில் போய் இரவு வீடு திரும்புகிறவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். நானும் அங்கே ஒரு நிறுவனத்தில் ஃப்ரன்ட்எண்ட் வேலை, அதாவது இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை எழுதும் வேலை பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இன்டர்வியூ செய்வதும் என் பொறுப்பில் இருக்கிறது. பி.காம், பி.எஸ்சி, டிப்ளமோ முடித்துவிட்டு ஆன்லைன் கோர்ஸ் வழியாக இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கும், அந்தக் கோர்ஸுக்குப் பணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டை நான் கையில் வாங்கிப் பார்ப்பதே இல்லை. ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து கொடுத்து, "உங்கள் பெயர், ஒரு படம், ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் படம் மாற வேண்டும்" என்பேன். மூன்று, நான்கு கோர்ஸ் முடித்தவர்களில் பலருக்கு இந்த இடத்தில் கை ஓடுவதில்லை. அவர்களுக்கு அறிவு குறைவு என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. காலி ஃபோல்டரை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலான ஆன்லைன் கோர்ஸ்களில் பிரவுசருக்குள்ளேயே ஒரு பெட்டி இருக்கும். இடது பக்கம் பாடம், நடுவில் பாதி எழுதி வைத்த கோட், வலது பக்கம் விடை. நாம் விட்டுப்போன ஒரு வரியை நிரப்பினால் பச்சை டிக் விழும். தொடங்கும்போது இது நல்லதுதான், பயம் போகும். ஆனால் ஃபைலுக்குப் பெயர் வைப்பது, எந்த ஃபோல்டரில் வைப்பது, ஒரு ஃபைல் இன்னொன்றை எப்படித் தேடிப் பிடிக்கிறது, கடைசியில் அதை இணையத்தில் ஏற்றுவது என்று வேலையில் தினமும் செய்கிற அத்தனையையும் அந்தப் பெட்டி நமக்குப் பதிலாகச் செய்துவிடுகிறது. கோர்ஸ் 100 சதவீதம் முடிந்தது என்று திரையில் வரும். முடித்ததில் பாதி, அந்தப் பெட்டி செய்த வேலை.

இதனால் என்ன ஆகிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் ஊரில் தேன் வியாபாரம் செய்யும் வீட்டுப் பையன் ஒருவன், கடைக்கு ஒரு பக்கம் செய்தான். லாப்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. இணையப் பக்கங்களை ஏற்ற இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றி, லிங்கை எனக்கு அனுப்பினான். தேன் பாட்டில் படம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த சின்னம். "அண்ணா, என் லாப்டாப்ல படம் வருது, லிங்க்ல மட்டும் வரமாட்டேங்குது" என்றான். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்க்கச் சொன்னேன். படத்துக்கு நேராக 404, அதாவது அந்த ஃபைல் கிடைக்கவில்லை என்று சிவப்பில் இருந்தது. கேமராவிலிருந்து வந்த ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்து. கோடில் அவன் எழுதியிருந்தது சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், இணையத்தில் அவன் ஏற்றிய இடம் அப்படி எடுத்துக்கொள்ளாது. ஃபைல் பெயரை மாற்றினான், படம் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தை எந்த வீடியோவில் பார்த்திருந்தாலும் அவன் மறந்திருப்பான். இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் கிடைத்ததால் இனி மறக்கமாட்டான்.

பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தால் இது இன்னும் கூடும். அருமனைப் பக்கம் அப்பா ரப்பர் வெட்டும் வீட்டில் ஒரு தங்கச்சி, ஷீட் விற்ற பணத்தைக் கணக்குப் பார்க்க ஒரு பக்கம் எழுதினாள். எத்தனை கிலோ ஷீட், கிலோ என்ன விலை, ஒட்டுப்பால் விற்றது எவ்வளவு என்று மூன்று பெட்டி. 20 கிலோ, 180 ரூபாய், ஒட்டுப்பாலுக்கு 400 ரூபாய் என்று போட்டுப் பார்த்தாள். 4000 வர வேண்டிய இடத்தில் 3600400 வந்தது. பெட்டியில் டைப் செய்கிற எதையும் பிரவுசர் எழுத்தாகத்தான் தரும், அந்தப் பெட்டியை எண்ணுக்கான பெட்டி என்று குறித்திருந்தாலும்கூட. பெருக்கல் குறியைப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த எழுத்தைத் தானாகவே எண்ணாக்கிப் பெருக்கிவிடும், அதனால் 3600 சரியாக வந்தது. கூட்டல் குறிக்கு மட்டும் அதில் இரண்டு வேலை. ஒரு பக்கம் எழுத்து இருந்தால் கூட்டாது, ஒட்டிவிடும். 3600-க்குப் பின்னால் 400-ஐ ஒட்டிவிட்டது.

பெருக்கல் சரியாக வந்ததால்தான் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பெட்டியிலிருந்து வாங்கும்போதே எண்ணாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. பிரெண்டன் ஐக் 1995-ல் நெட்ஸ்கேப்பில் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அன்று எழுதிய பக்கங்கள் இன்றும் உடையாமல் ஓட வேண்டும் என்பதால் இந்தக் குணத்தை இனி யாரும் மாற்றப்போவதில்லை. கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ரப்பர் வெட்டுவதை ஒரு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தாலும் கை பழகாது; பட்டையில் கத்தி வைத்து, ஆழம் எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டும். கோடும் அப்படித்தான். ஒரு வீடியோ பத்து நிமிடம் ஓடினால், அதை மூடிவிட்டு அரை மணி நேரமாவது பார்க்காமல் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் திரும்பப் பாருங்கள், திரும்ப மூடுங்கள். பாடத்தில் வந்த உதாரணத்தையே செய்யாதீர்கள். வீட்டில் யாருக்காவது பயன்படுகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கணக்கு, பால் கணக்கு, கடை விலைப்பட்டியல், எதுவானாலும் சரி. பயன்படுத்துகிறவர் உங்கள் அம்மாவாக இருந்தால், ஃபோனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது என்று அவரே சொல்லிவிடுவார். அப்போதுதான் வியூபோர்ட் என்ற ஒரு வரி எதற்கு என்று புரியும். அதை எழுதாவிட்டால் ஃபோன் பிரவுசர் பக்கத்தைப் பொதுவாக 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு, அத்தனையையும் சின்னத் திரைக்குள் சுருக்கிவிடும்.

அப்புறம் எர்ரர். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் சிவப்பில் ஆங்கிலம் வந்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். அதில் எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்பது தெளிவாக இருக்கும். 'கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்' என்று ஒன்று அடிக்கடி வரும். 'நீ தேடிய பொருள் இங்கே இல்லை, இல்லாததிடம் ஏதோ கேட்கிறாய்' என்பதுதான் அது சொல்வது. பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். அல்லது, பிரவுசர் மேலிருந்து கீழே படித்து வருவதால், பட்டன் உருவாகும் முன்பே உங்கள் ஸ்கிரிப்ட் ஓடியிருக்கலாம். தனி ஃபைலில் இருக்கும் ஸ்கிரிப்டை இணைக்கும் வரியில் டிஃபர் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பக்கம் முழுவதும் படித்து முடியும் வரை அது காத்திருக்கும். தொடங்குகிறவர்களுக்கு வரும் எர்ரர்களில் பெரும்பகுதி மீண்டும் மீண்டும் வருகிற சில வகைகள்தான். ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். நாங்களும் வேலையில் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது தருவது சரியா தவறா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவி. 3600400 என்று வந்த விடையில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு அது இன்னொரு நூறு வரியைத் தரும், அவ்வளவுதான். முதல் சில மாதங்கள் அதனிடம் கோட் கேட்காதீர்கள். உங்கள் கோடைக் கொடுத்து, 'இந்த வரி என்ன செய்கிறது, தமிழில் சொல்' என்று கேளுங்கள். அதற்கு அது நல்ல துணை.

எதைப் படிப்பது என்பதில் பெரிய குழப்பம் தேவையில்லை. முதலில் பக்கத்தின் அமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல், அடுத்து தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ், பிறகு ஜாவாஸ்கிரிப்ட், கூடவே கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட். ஃபேஸ்புக் 2013-ல் வெளியிட்ட ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவித்தொகுப்பு, கோர்ஸ் விளம்பரங்களில் முதல் வரியிலேயே வரும். ஜாவாஸ்கிரிப்ட் கைக்கு வராமல் அதைத் தொட்டால் எது மொழி, எது ரியாக்ட் என்றே பிரிக்க முடியாது. 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் என்ற ஆன்லைன் பாடத்தளம் முழுக்க இலவசம், சர்டிஃபிகேட்டும் இலவசம். தி ஓடின் ப்ராஜெக்டும் இலவசம்; அது உங்கள் சொந்தக் கணினியிலேயே எல்லாவற்றையும் நிறுவி வேலை செய்யச் சொல்வதால், நான் முதலில் சொன்ன காலி ஃபோல்டர் பயம் அதில் சீக்கிரம் போய்விடும். சந்தேகம் வந்தால், இந்த மொழிகளுக்கான விளக்கங்கள் இருக்கும் மோசில்லாவின் எம்டிஎன் பக்கங்களைப் பாருங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் யூடியூபில் தமிழில் விளக்கம் கேட்டுவிட்டு எம்டிஎன்னுக்குத் திரும்புங்கள். ஏதாவது ஒன்றை எடுத்து, பாதியில் தாவாமல் முடியுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள செகண்ட் ஹேண்ட் லாப்டாப் போதும். ஃபோனை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கற்க முடியாது.

இனி பெற்றோருக்கு. பணம் கட்டிப் படிப்பது தவறில்லை. நேரத்துக்கு உட்கார வைக்கவும், எழுதியதைத் திருத்திக் கொடுக்கவும் ஒரு ஆள் இருப்பதற்குக் காசு கொடுக்கலாம். ஆனால் சேர்வதற்கு முன், பிள்ளை இலவசப் பாடத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து, காலி ஃபோல்டரிலிருந்து ஒரு பக்கம் செய்து, அதன் லிங்கை உங்கள் ஃபோனுக்கு அனுப்பட்டும். இந்த வேலை பிடிக்கிறதா என்பது அதற்குள் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

'வேலை உறுதி' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை சதவீதம் வருகை, எத்தனை தேர்வு, எந்த ஊருக்கும் போகத் தயாரா, எவ்வளவு சம்பளத்தை வேலை என்று கணக்கில் எடுப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அசல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். சேரும்போது ஓடிபி கேட்டால் அது எதற்கு என்று தெரியாமல் சொல்லிவிடாதீர்கள். மாதத் தவணை என்று சில இடங்களில் சொல்வது, உண்மையில் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். பணம் மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். பிள்ளை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஆன்லைனில் தரும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகள் கொண்டுவந்தது. கடனின் மொத்தச் செலவைச் சொல்லும் விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அபராதம் இல்லாமல், அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி வெளியே வர ஒரு அவகாசமும் உண்டு. அது எத்தனை நாள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். அதை முதலில் பாருங்கள், ஏனென்றால் அந்த நாட்கள் சீக்கிரம் ஓடிவிடும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் ஃபோனில் சண்டை போடுவதோடு நிறுத்தாதீர்கள். விலகுகிறேன் என்பதைப் பயிற்சி நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சலில் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலில் இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களுக்குத் திருவனந்தபுரம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ரசீது, கடன் ஒப்பந்தம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், 'கண்டிப்பா வேலை கிடைக்கும்' என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்துக்கொண்டு போங்கள்.